மறைப்புக்குப் பின்னால் விழுந்த இருபது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூக்கத்தை விட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தால் எனக்கு அவரைப் பிடித்துப்போகும். அவ்வளவு சாதாரணமான ஆள் நான், மேடம். முதலில் அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பக்கத்து அறையில் என் மனைவி, “எல்லாம் என்னாலதான், என்னாலதான்” என்று அழுதுகொண்டிருக்கிறாளாம். வாசலில் நிற்கும் உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். அதைத் திருத்தத்தான் நானாகவே பேச வந்தேன். நடந்ததற்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. பால் திரிந்துபோனால்கூடத் தன்னால்தான் என்று சொல்லிக்கொள்கிற சுபாவம் அவளுக்கு. அவள் தம்பி செத்தது அவளால் இல்லை. ஒரு பகடையால்.

இந்த ஆட்டம் உங்களுக்குத் தெரியாது என்கிறீர்கள். கஷ்டமே இல்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் மாஸ்டர். அவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார்: இதோ காடு, இதோ பாலம், மறுமுனையில் ஒரு பூதம் நிற்கிறது என்று. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, நான் ஓடுகிறேன், நான் வாளை உருவுகிறேன் என்பார்கள். நினைத்தது நடந்ததா என்பதைப் பகடை சொல்லும். இருபது முகம் உள்ள பகடை. பெரிய எண் விழுந்தால் நடந்தது, சின்ன எண் விழுந்தால் இல்லை. பூதம் நம்மை அடிப்பதற்கும் அதே விதிதான். பூதத்துக்காக மாஸ்டர் உருட்டுவார். அவருக்கு முன்னால் மூன்று மடிப்பாக ஒரு மறைப்பு நிற்கும். அதற்குப் பின்னால் என்ன விழுந்தது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே இருக்கிறவர்கள் அவர் வார்த்தையை நம்ப வேண்டும்.

எங்கள் மறைப்பைச் செய்தவன் நான்தான். பிளைவுட்டின் மேல் தேக்கு வெனியர் ஒட்டி, பித்தளைக் கீல் போட்டு, மெழுகு தேய்த்து வழவழவென்று வைத்திருந்தேன். தச்சு என் தொழில். வீட்டின் முன்பக்கம் முழுவதும் பட்டறை. தெருப்பக்கம் ஷட்டர். வீட்டுப்பக்கம் ஒரு கதவு, அதற்குப் பக்கத்திலேயே சமையலறை ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத்தான் என் மனைவி டீத்தட்டை நீட்டுவாள். வாரநாளில் அலமாரிச் சட்டங்களைப் பொருத்துகிற பெரிய மேசையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கும்.

மாஸ்டர், என் மைத்துனன். அவள் கூடப்பிறந்த ஒரே தம்பி. பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. அச்செடுக்கிற மாவு மிஞ்சினால் எங்கள் பாத்திரங்களைச் சின்னச் சின்னப் பொம்மைகளாக வார்த்துக்கொண்டு வருவான். என் பொம்மைக்கு மட்டும் ஈறு செய்கிற ரோஸ் நிறப் பசையில் மேலங்கி போட்டுக் கொடுத்தான். கையில் கலை உள்ளவன். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

மற்றவர்கள் மூன்று பேர். ஒருவனை வக்கீல் என்போம். நிஜ வக்கீல் இல்லை, மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவன். ஆனால் ஆட்டத்தின் விதிப்புத்தகம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். பூதம் வாயைத் திறந்தால் போதும், “ஒரு நிமிஷம், இருட்டுல இருக்கற பூதத்துக்கு அந்த உரிமை கிடையாதே, புக்கைப் பாருங்க” என்று ஆரம்பிப்பான். பக்கம் புரட்டி முடிகிறவரை பூதம் வாயைத் திறந்தபடியே காத்துக்கொண்டிருக்கும். அடுத்தவர் பகடையை எடுத்து உருட்டிப் பார்க்கிற பழக்கமும் உண்டு.

இன்னொருவன் கில்லாடி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருபவன். எல்லோரும் சேர்ந்து உயிரைக் கொடுத்து ஒரு கோட்டையைப் பிடித்தால், அன்றைக்கே தன் கூட்டாளிகளின் பையை அறுத்துத் திருடுவான். ஏன்டா என்றால், “நான் என்னப்பா பண்றது? என் ஆளு அப்படி” என்பான். அந்த ஆளை உண்டாக்கியதே அவன்தான் என்பதை யாரும் அவனிடம் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

மூன்றாவது, நர்ஸ். எப்போதும் போனில் இருப்பாள். தன் முறை வந்தால் தலையைத் தூக்கி, “இப்ப நாம எங்க இருக்கோம்?” என்பாள்.

“செத்துக்கிட்டு இருக்கோம், சிஸ்டர்” என்பான் என் மைத்துனன்.

“அப்படியா, நான் மருந்து போடறேன்” என்று மறுபடி போனைக் குனிந்து பார்ப்பாள். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

மாஸ்டரிடமும் குறை இல்லாமல் இல்லை. எந்தக் கதவைத் திறந்தாலும் அவன் யோசித்து வைத்திருந்த அறைதான் வரும். வழியில் வருகிற சத்திரக்காரன், படகோட்டி, கிழட்டு மந்திரவாதி எல்லோருக்கும் தனித்தனிக் குரல் வைத்து, அவர்களையே ஒருவரோடு ஒருவர் பேசவிட்டு ரசிப்பான். நாங்கள் டீ ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆனால் ஒரு நல்ல பழக்கமும் உண்டு. நாங்கள் முட்டாள்தனமாக ஏதாவது செய்யப்போனால், மறைப்புக்கு மேல் தலையை நீட்டி, “நிச்சயமா?” என்று ஒரு வார்த்தை கேட்பான். அந்த வார்த்தை காதில் விழுந்தால் யோசிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதற்கெல்லாம் ஒரு மனிதன் கோபப்படுவானா, சொல்லுங்கள். நான் கோபப்பட்டதே இல்லை. கோபத்தில் எதுவும் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஒரு வழிமுறை வைத்துக்கொண்டேன். ஒருவர் திரும்பத் திரும்ப ஆட்டத்தைக் கெடுத்தால், மற்ற நாளில் பட்டறையில் தனியாக இருக்கும்போது அவருக்காக ஒரு தடவை உருட்டுவேன். பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் மன்னிப்பு. அதற்குக் கீழே விழுந்தால் இல்லை. என் விருப்பு வெறுப்பு எதுவும் அதில் கிடையாது.

கில்லாடிக்கு ஏழு விழுந்தது. அடுத்த வாரம் அவன் சீக்கிரமே வந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த கனத்த பிளைவுட் தாள்களுக்கு எதிரே நின்று காலாட்டிக்கொண்டு பேசினான். அடியில் முட்டுக்கொடுத்திருந்த கட்டையை நான் காலால் தள்ளினேன். காய்ந்த சட்டம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். கணுக்காலில் எலும்பு வெளியே வந்து நின்றது. தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்தது நான்தான். இப்போது அவனால் கிளட்சை மிதிக்க முடியாது. போர்டில் படம் போட்டுச் சாலை விதி சொல்லிக்கொடுக்கிறானாம். நன்றாகவே பாடம் எடுக்கிறான் என்று கேள்வி.

வக்கீலுக்கு ஐந்து. தன் பகடைகளுக்கு ஒரு மரப்பெட்டி வேண்டும் என்று வந்தான். பலகையை, மோட்டாரில் ஓடுகிற பட்டை ரம்பத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்தான். நான் பின்னாலிருந்து பலகையைத் தள்ளினேன், கொஞ்சம் வேகமாக. வலது கையில் இரண்டு விரல். அவன் கத்தவில்லை, மேடம், ஆச்சரியமாகப் பார்த்தான். விரல்களை மரத்தூளிலிருந்து பொறுக்கி, பையில் ஐஸ்கட்டியோடு போட்டு, அவனையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒன்று ஒட்டிக்கொண்டது. “நீ இல்லேன்னா அதுவும் போயிருக்கும்” என்று இன்றைக்கும் சொல்வான். அவன் பெட்டிக்கு நான் கூலி வாங்கவில்லை.

நர்ஸுக்குப் பத்தொன்பது விழுந்தது. அவளை நான் தொடவில்லை. போன ஞாயிறுவரை அவள் போனைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தாள். பகடை சொன்னதை நான் எப்படி மதித்தேன் என்பதற்கு அவளே சாட்சி, அவளுக்குத் தெரியாவிட்டாலும்.

இந்த வரிசையில் என் மனைவியைச் சேர்க்காதீர்கள். அவள் ஆட்டத்தில் இல்லை. அவளுக்காக நான் ஒருநாளும் பகடையை உருட்டியதில்லை. வீட்டுக்குள் எதற்குப் பகடை?

நான் தோற்றுப்போனால் அதிகம் பேச மாட்டேன் என்பது உண்மை. அதை மறைக்கவில்லை. என் பாத்திரம் ஒரு காவல்வீரன். ஆரம்பத்தில் அவனுக்கு இரண்டு கண்ணும் இருந்தன. ஒரு கழுகு மனிதன் ஈட்டியால் குத்தி ஒரு கண் போயிற்று. அதிலிருந்து ஒற்றைக்கண்ணன் என்றே கூப்பிட்டார்கள். கண் போன அன்று சாயங்காலம் என் மனைவிக்குக் கதவு இடித்துவிட்டது. சாத்தியவன் நான்தான். ஆனால் அவள் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் பேசாமல் இருக்கும்போது பக்கத்தில் வந்து, “விளையாட்டுதானங்க” என்று சொல்லியிருக்கவும் வேண்டாம்.

அடுத்த ஞாயிறு ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டும்போது நர்ஸ் பார்த்துவிட்டாள். அன்றைக்கென்று போனை வைத்துவிட்டாள்.

“அக்கா, கன்னத்துல என்ன?”

“கதவு, சிஸ்டர். கவனிக்கல.”

“கதவு விரல் விரலாவா பதியும்?”

என் மனைவி சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வக்கீல் புத்தகத்தைப் புரட்டினான். என் மைத்துனன் மறைப்புக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான், ரொம்ப நேரம்.

அதற்குப் பிறகு எனக்கு ஆட்டம் கைகூடிவந்தது. ஒற்றைக்கண்ணன் தொட்டதெல்லாம் துலங்கியது. குகையில் ஒரு நாகம் இருந்தது, மேடம். மற்ற மூன்று பேரையும் வாலால் சுருட்டி மயங்கப்போட்டுவிட்டது. நான் ஒருவன்தான் நின்றேன். நாகம் பாய்ந்தது. மாஸ்டர் உருட்டினான். “மூணு. கடி தப்பிருச்சு அத்தான்” என்றான். நான் வாளை அதன் தாடைக்குள் சொருகினேன். கில்லாடிகூட எழுந்து நின்று என் முதுகில் தட்டினான். மரத்தை இழைக்கும்போதும், ஆணி அடிக்கும்போதும், கஸ்டமர் என்னை வாய்க்கு வந்தபடி பேசும்போதும் நான் அந்த நாகத்தை நினைத்துக்கொள்வேன். வாழ்க்கையில் நானாகச் சம்பாதித்தது அது ஒன்று. ஆறு வருஷம் அதை வைத்துத்தான் நிமிர்ந்து நடந்தேன்.

வீட்டிலும் அமைதியாக இருந்தது. அதை அவளிடமே கேளுங்கள்.

போன ஞாயிறு பாலத்துக்கு வந்தோம். கதையின் கடைசிக் கட்டம். ஒற்றைக்கண்ணனுக்கு உடம்பெல்லாம் காயம், இன்னும் ஓர் அடி விழுந்தால் அவ்வளவுதான். பாலத்தின் பூதம் கோடாலியை ஓங்கியது. மாஸ்டர் மறைப்புக்குப் பின்னால் உருட்டினான். பகடை மரத்தில் ஓடி நின்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் அதைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கிச் சமையலறை ஜன்னலைப் பார்த்தான். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தான்.

“நாலு. கோடாலி பாலத்துல மாட்டிக்கிச்சு. நீங்க தப்பிச்சீங்க அத்தான்.”

கைதட்டல். நான் பூதத்தைத் தலைகுப்புறத் தள்ளினேன். டீ வந்தது. மைத்துனன் தட்டை வாங்க ஜன்னலுக்குப் போனான். மறைப்பின் ஒரு கீல் தளர்ந்திருந்ததை நான் காலையிலிருந்தே கவனித்துக்கொண்டிருந்தேன். சரிபார்க்கலாம் என்று எட்டிக் குனிந்தேன். பகடை உருண்டு நின்ற இடத்திலேயே இருந்தது. மேல்முகத்தில் இருபது.

டீயைக் குடித்தேன். நர்ஸ் டியூட்டிக்குப் போனாள். கில்லாடி கைத்தடியை ஊன்றிக்கொண்டு, வக்கீலோடு சண்டை போட்டபடி தெருவில் இறங்கினான். கோடாலி மாட்டிக்கொண்டால் பூதத்துக்கு இன்னோர் அடி உண்டா இல்லையா என்பது பேச்சு. வெயில் இன்னும் தணியவில்லை.

மைத்துனனிடம், “மாப்ளே, கீல் ஒன்னு லூசா இருக்கு. இரு, பிடிச்சுக்கோ” என்றேன். இருந்தான். நான் ஷட்டரை இறக்கினேன். வீட்டுப்பக்கக் கதவைத் தாழ்போட்டேன். பிறகு மாஸ்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, மறைப்பை மடித்துக் கீழே வைத்தேன். நான் எதையும் மறைத்துச் செய்கிறவன் இல்லை.

“ஒரு சின்ன ஆட்டம் ஆடலாமா? நான் மாஸ்டர்.”

“நீங்களா? சுத்தம்” என்று சிரித்தான். “சரி, என் ஆளு யாரு?”

“பல் செட் செய்யறவன். ஒரு தச்சுப்பட்டறைக்குள்ள நிக்கறான். தெருப்பக்கம் ஷட்டர் இறங்கியிருக்கு. வீட்டுப்பக்கம் தாழ் போட்டிருக்கு.”

அவன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது, ஆனால் எடுத்து வைக்க மறந்துபோன டீத்தட்டு மாதிரி.

“அத்தான், எதுக்கு இதெல்லாம்?”

“எதிர்ல ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். அவன் கேக்கறான்: அந்த இருபதை என்னடா பண்ணே? உன் ஆளு என்ன சொல்றான்?”

மடித்து வைத்திருந்த மறைப்பைப் பார்த்தான். அப்புறம், “பாத்துட்டீங்களா?” என்றான். “எல்லா மாஸ்டரும் பண்றதுதான் அத்தான். கதை நல்லா வரணும்னா சில நேரம் எண்ணை மாத்தித்தான் ஆகணும். இவ்வளவு தூரம் கொண்டுவந்த ஆளை ஒரு பகடைக்காகச் சாகவிடுவாங்களா?”

“நிச்சயமா?” என்று கேட்டேன்.

அது அவன் வார்த்தை. அதன் அர்த்தம் அவனுக்குத் தெரியும். யோசித்தான். யோசித்து, உண்மையைச் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“நீங்க தோத்துட்டு உள்ள போனா அக்கா என்ன ஆவான்னு எனக்குத் தெரியும் அத்தான். உங்க ஆளுக்குக் கண்ணு போச்சே, அதுக்கு அடுத்த வாரம் அவ கன்னத்தைப் பாத்தேன். என்கூட வந்துடுன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். வரமாட்டேங்கறா. போலீசுக்கும் போகவிடமாட்டேங்கறா. என்னால முடிஞ்சது ஒன்னே ஒன்னுதான். உங்க ஆளை நான் அதுக்கப்புறம் தோக்கவிடல.”

“எப்பவுமா?”

“எப்பவும்.”

“நாகம்?”

அவன் தரையைப் பார்த்தான். “அது பதினெட்டு போட்டுச்சு. நான் மூணுன்னு சொன்னேன்.”

மேடம், உங்களை யாராவது ஆறு வருஷம் தோளில் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டு, ஒருநாள் கீழே இறக்கி, இதுவரை நீ நடக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறார்களா? நான் அமைதியாகத்தான் இருந்தேன். இதில் அவன் அக்காவை எதற்கு இழுத்தான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. குற்றம் பகடையில். எண்ணை மாற்றியவன் அவன். ஒரு பொய்யனுக்கு எப்போதும் ஒரு பெண்பிள்ளையின் கண்ணீர் கைவசம் இருக்கும்.

இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. “உன் ஆளுக்கு ஒரு உருட்டு தர்றேன்” என்றேன். “பன்னிரண்டு, இல்ல அதுக்கு மேல விழுந்தா, ஷட்டரைத் தூக்கிவிடறேன், வீட்டுக்குப் போ.”

“கீழ விழுந்தா?”

மேசைக்கு அடியில் அலமாரிச் சட்டங்களை இறுக்குகிற நீள இரும்புக் கிளாம்ப் இருந்தது. ஆள் கை நீளம், நல்ல கனம். அதை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். ஓடவில்லை. ஜன்னலைப் பார்த்தான். என் மனைவி எப்போது வந்து நின்றாளோ, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அக்கா, உள்ள போ” என்றான். அவள் போகவில்லை. “என்னங்க, அவன் சின்னப்பையன்ங்க, நான்தாங்க அவனை அப்படிச் செய்யச் சொன்னேன், என்னை அடிங்க” என்றாள். சின்னப்பையனாம். முப்பது தாண்டியவன்.

உருட்டினேன். எல்லோர் கண்ணுக்கும் முன்னால், மறைப்பு இல்லாமல். முதல் தடவை பகடை மேசையை விட்டுக் கீழே விழுந்துவிட்டது. தரையில் விழுந்த பகடை செல்லாது, மேடம். எல்லா மேசையிலும் உள்ள விதி அது. வக்கீலிடம் கேட்டால் பக்கத்தைக் காட்டுவான். மறுபடி உருட்டத்தான் வேண்டும். உருட்டினேன். நாலு.

முதல் அடி வாயில் பட்டது. அவன் தொழிலை நினைத்து நான் அங்கே குறிவைக்கவில்லை, அவன் ஏதோ சொல்ல வந்தான், அவ்வளவுதான். பற்கள் மேசைமேல் தெறித்தன. நாற்காலியோடு சரிந்தவன் கையை ஊன்றி எழப்பார்த்தான். அந்தப் பொம்மைகளை வார்த்த கை. அதன்மேல் ஒன்று. பிறகு தோளில். பிறகு அவன் மேசைக்கடியில் ஊர்ந்துபோனான். காலைப் பிடித்து இழுத்தேன். மரத்தூளில் ஒரு பட்டை நீளத்துக்குச் சுத்தமாகத் தரை தெரிந்தது. தலையில் எத்தனை என்று நான் எண்ணவில்லை. உங்கள் டாக்டர் எண்ணியிருப்பார். இரும்பு முதலில் கெட்டியான எதன்மேலோ விழுகிற மாதிரி இருந்தது, கடைசியில் அப்படி இல்லை. அவன் பேசாமலான பிறகும் நான் கொஞ்சம் தொடர்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கம் இல்லை.

ஜன்னலில் என் மனைவி கம்பியில் நெற்றியை மோதிக்கொண்டிருந்தாள். நீங்கள் பார்த்த அவள் நெற்றிக்காயம் அதுதான். அதை என் கணக்கில் எழுதாதீர்கள்.

கிளாம்பைத் துடைத்து அதன் கொக்கியில் மாட்டினேன். மேசையையும் துடைத்தேன். பொம்மைகள் விழுந்து கிடந்தன, நிமிர்த்தி வைத்தேன். பிறகு ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். உங்கள் ஆட்கள் வரும்வரை நான் எங்கேயும் போகவில்லை. கொன்றவன் நான்தான். கில்லாடியின் காலும் வக்கீலின் விரலும் என் கைவேலைதான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஆனால் ஒவ்வொன்றிலும் பகடை சொன்னதைத்தான் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நான் அவனைப் போல எண்ணை மாற்றுகிறவன் இல்லை.

என்ன கேட்டீர்கள்?

அவள் அப்படியா சொன்னாள்?

ஜன்னலிலிருந்து மேசை நன்றாகத் தெரியும் என்பது சரிதான். அந்த ஜன்னலை வைத்தவனும் நான்தான். ஆனால் அழுதுகொண்டிருந்தவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? முதல் பகடை தானாக உருண்டு விழவில்லை, நின்ற பிறகு என் கை பட்டு விழுந்தது என்கிறாள். தம்பி எண்ணைப் பார்த்துவிட்டு, “அக்கா, நான் வீட்டுக்குப் போறேன்” என்று சிரித்தான் என்கிறாள்.

சிரித்தான். ஆமாம். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தான். அந்தச் சமயம் அவன் மேசையைப் பார்க்கவில்லை.

சரி. பகடை மேசைமேல்தான் நின்றது. பதினேழு. ஆனால் அன்றைக்கு மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான், மேடம். கதை சரியாக முடிய வேண்டும் என்றால் மாஸ்டர் சில நேரம் எண்ணை மாற்றித்தான் ஆக வேண்டும்.